எருமை சினை பிடிக்கவில்லையா? கருப்பைக் கிருமி பற்றி மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 22 வருடமாக எருமை வைத்திருக்கிறேன். இன்றைக்குத் தொழுவத்தில் 7 உருப்படி நிற்கிறது. விடியற்காலையில் சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் என் தொழுவத்தில் பட்டுத் தெரிந்ததையும் எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை. அது மாட்டைத் தொட்டுப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019-ல் அது சுமார் 5.2 லட்சமாகிவிட்டது. எங்கள் ஊரில் எருமையை விற்றவர்களிடம் ஏன் விற்றீர்கள் என்று கேட்டால் பலரும் சொன்னது ஒன்றுதான்: "பயிராக மாட்டேங்குது." அந்த எருமைகளில் எத்தனைக்குக் கருப்பையில் வெறும் சீழ் மட்டும் இருந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை. கிருமிதான் காரணமா?

கிருமியாகவும் இருக்கலாம், ஊசி போட்ட நேரம் தவறியதாகவும் இருக்கலாம். முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு போதும். ஊசி போட்ட தேதியையும் மறுபடி பருவத்துக்கு வந்த தேதியையும் எழுதுங்கள். சரியாக 21 நாளில் திரும்பி வந்தால் கரு தரிக்கவே இல்லை, அல்லது தரித்து முதல் இரண்டு வாரத்துக்குள் அழிந்திருக்கிறது. நேரம் தவறியிருந்தாலும் இப்படித்தான் வரும், கருப்பைக்குள் லேசான அழற்சி இருந்தாலும் இப்படித்தான் வரும். 30, 35, 45 நாள் என்று தள்ளித் தள்ளி வந்தால் இரண்டு விதமாக யோசிக்க வேண்டும். நடுவில் ஒரு பருவத்தை நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் கரு தரித்துக் கொஞ்ச நாள் வளர்ந்து பிறகு செத்திருக்கிறது. ஊர்க்கிடாவோடு சேர்த்த எருமையில் இப்படி நடந்தால் கிருமிச் சந்தேகம் பலமாகிறது.

மருத்துவர் வந்தால் இந்த நோட்டைத்தான் முதலில் காட்டுங்கள். "போன மாசம் ஏதோ ஒரு நாள் போட்டோம்" என்று சொன்னால் அவருக்கும் இருட்டில் தடவுகிற கதைதான்.

எருமை பருவத்துக்கு வருவதே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பசு என்றால் ஊரைக் கூட்டிக் கத்தும், அடுத்த மாட்டின் மேல் ஏறும். எருமை அப்படி இல்லை. பல எருமைகளுக்கு ஊமைப் பருவம்தான், சித்திரை வைகாசி வெயிலில் அது இன்னும் மோசம். கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் அதற்கு நிழலையும் தண்ணீரையும் தவிர வேறு நினைப்பே இருக்காது. புரட்டாசி, ஐப்பசி தொடங்கி மாசி வரை பருவம் நன்றாகத் தெரியும்.

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுவது, பிறப்புறுப்பு லேசாக வீங்கிச் சுருக்கம் மறைவது, பால் திடீரென்று குறைவது, தீவனத்தில் அக்கறை இல்லாமல் நிற்பது, இவைதான் அடையாளம். பசுவுக்குப் பிறப்புறுப்பிலிருந்து வடியும் ஒழுக்கு கயிறு போலத் தொங்கும். எருமைக்கு அது உள்ளேயே தேங்கி நின்று, மாடு படுத்திருக்கும்போது வெளியே வரும். அதனால் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை 4, 5 மணி. மாடு எழுவதற்கு முன்னால் டார்ச் அடித்து வாலுக்குப் பின்னால் தரையைப் பாருங்கள். ஒரு கை அகலத்துக்குப் பளபளவென்று ஈரம் கிடந்தால் அதுதான். சாணி அள்ளி, தொழுவத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

பருவம் அரை நாள் முதல் ஒரு நாள் வரை நிற்கும். கருமுட்டை வெளிவருவது பருவம் முடிந்து 10 முதல் 14 மணி நேரம் கழித்து. அதனால் காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை ஊசி.

ஒழுக்கு எப்படி இருந்தால் நல்லது? எப்படி இருந்தால் கெட்டது?

எல்லாக் கேள்வியையும் விட இதற்குத்தான் நான் அதிக நேரம் பதில் சொல்வேன்.

பருவத்தில் வரும் நல்ல ஒழுக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவை விரலில் எடுத்து இழுத்தால் எப்படி அறுபடாமல் நீளுமோ அப்படி நீளும். வாடை கிடையாது. அதை ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பது தெரிய வேண்டும்.

கெட்ட ஒழுக்கில் மூன்று படி உண்டு. முதல் படியில் பார்வைக்குக் கண்ணாடி மாதிரியே இருக்கும், ஆனால் நடுவில் கடுகளவு வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். அவசரத்தில் பார்த்தால் கண்ணில் படாது. இரண்டாவது படியில் வடிகஞ்சி போலக் கலங்கியிருக்கும். மூன்றாவது படியில் திரிந்த பால் போலக் கெட்டியாக, மஞ்சளாக வரும், சில சமயம் வாடையும் இருக்கும். எருமையிடம் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் வாலும் தொடையும் கறுப்பு. ஒழுக்கு பட்டுக் காய்ந்த இடத்தில் நல்ல ஒழுக்கு என்றால் வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுப்பாக இருக்கும். சீழ் கலந்திருந்தால் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கும். காலையில் மாட்டைக் குளிப்பாட்டும் முன் வாலைத் தூக்கி அந்தப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நொடி வேலை.

கலங்கிய ஒழுக்கோடு ஊசி போட்டால் சினை நிற்காது. அந்தப் பருவத்தை விட்டுவிட்டு மருத்துவம் பார்க்க வேண்டும். ஒழுக்கு தெளிந்த பிறகுதான் அடுத்த ஊசி. இன்னொரு பருவம் போய்விடுமே என்று பலரும் தவிக்கிறார்கள். புரிகிறது. ஆனால் சீழுக்குள் விந்தைப் போட்டால் அந்தப் பருவமும் போய், ஊசிக் காசும் போகும்.

ஒழுக்கு தெளிவாகவே இருந்தும் சினை பிடிக்காத எருமைகளும் உண்டு. வெளியே தெரியாத அழற்சி அது. மருத்துவர் ஒழுக்கை எடுத்து ஒரு காரக் கரைசலோடு (ஆல்கலி) சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பார், நிறம் மஞ்சளாக மாறினால் உள்ளே அழற்சி இருக்கிறது. ஆய்வகத்தில் செல்களை எண்ணியும் பார்க்கலாம்.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

கருப்பை வாய் எப்போதும் இறுக மூடியிருக்கும். பருவத்திலும் ஈனும்போதும்தான் திறக்கும். கிருமிக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு ஈனும் நேரம்தான். சாணியில் இருக்கும் ஈ.கோலை, தோலிலும் மண்ணிலும் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எல்லாம் அப்போது உள்ளே போகும். ஈன்ற முதல் சில நாளில் கிருமி போகாத கருப்பையே இல்லை என்று சொல்லலாம். நல்ல மாடு இரண்டு மூன்று வாரத்தில் தானே கழுவி வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாத மாட்டில் ட்ரூபெரெல்லா பையோஜெனஸ் என்ற கிருமி வந்து குடியேறும். கெட்டிச் சீழ் வைப்பதும், உள்சுவரைக் கெடுப்பதும், அடுத்த கருவை உட்கார விடாமல் செய்வதும் பெரும்பாலும் அதன் வேலை.

எந்த மாடு தள்ள முடியாமல் தவிக்கும்? நஞ்சுக்கொடி தங்கிய மாடு, கன்றை இழுத்து எடுத்த மாடு, இரட்டைக் கன்று போட்ட மாடு, ஈனும் முன்பே மெலிந்து கிடந்த மாடு, அடி தள்ளிய (கருப்பை வெளியே பிதுங்கிய) மாடு. இந்த ஐந்தில் ஒன்று உங்கள் தொழுவத்தில் நடந்தால் அடுத்த மூன்று வாரம் அந்த எருமை மேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஈன்று அரை நாள் ஆகிவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. கையை விட்டு எடுக்கலாமா?

எடுக்கவே கூடாது. என் இரண்டாவது எருமையை நான் அப்படித்தான் இழந்தேன்.

ஐப்பசி அடைமழையில் ராத்திரி ஈன்றது. மறுநாள் மதியம் வரை கொடி தொங்கிக்கொண்டே இருந்தது. ஊரில் இதற்கென்று கூப்பிடும் ஒருவரை அழைத்து வந்தோம். கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, உறை இல்லாமல், தோள் வரை விட்டுப் பிய்த்துப் பிய்த்து எடுத்தார். மாடு முக்கி முனகியது. "சுத்தமா வந்துடுச்சு" என்றார், நாங்களும் நம்பினோம். நான்காம் நாள் தொழுவத்துக்குள் நுழைய முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். காய்ச்சல், தீவனம் எடுக்கவில்லை, பால் கால்படி கூட இல்லை. மருத்துவர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஆனால் அது மறுபடி சினை பிடிக்கவே இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. கருப்பையின் உள்சுவரில் காளான் மாதிரிச் சதைக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். கொடி அதில் பட்டன் மாட்டியதுபோல மாட்டியிருக்கும். ஈன்ற பிறகு அந்தப் பிடி தானாகத் தளர வேண்டும். தளராத நேரத்தில் இழுத்தால் குமிழும் சேர்ந்து கிழியும். அந்தப் புண்தான் கிருமிக்கு வாசல். கையில் வராத துண்டு உள்ளேயே அழுகும்.

பெரும்பாலான எருமைகள் ஈன்ற 12 மணி நேரத்துக்குள் கொடியைப் போட்டுவிடும். அதற்கு மேல் போனால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். செங்கல்லோ பழைய செருப்போ கட்டித் தொங்கவிடாதீர்கள், அதுவும் இழுப்பதுதான். கன்றை ஊட்ட விடுங்கள். ஊட்டும்போது மாட்டின் உடம்பில் சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்கும், கொடி தானாக விழ அது உதவும். "கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்கணும்" என்று கன்றைப் பட்டினி போடுவது எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. கன்றுக்கும் கேடு, தாய்க்கும் கேடு.

மூங்கில் இலை, முள்ளங்கி, வெண்டைக்காய் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கி, எட்டு மணி நேரத்துக்குள் கொடி விழவில்லை என்றால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயைப் பிளந்து வெல்லமும் உப்பும் சேர்த்து, என்று மரபுவழி மருத்துவத்தில் சொல்கிறார்கள். நானும் கொடுக்கிறேன். சினை பிடிக்காத மாட்டுக்கு முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகச் சில நாட்கள் கொடுக்கும் முறையும் உண்டு. தவறில்லை. ஆனால் காய்ச்சல் இருக்கிறது, நாற்றம் வருகிறது என்றால் பிரண்டையை அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஈன்று பத்து நாள் ஆகிறது, இன்னும் அழுக்கு போகிறது. பயப்பட வேண்டுமா?

நிறத்தையும் வாடையையும் பாருங்கள். செம்பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றமில்லாமல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் அது கருப்பை தன்னைக் கழுவிக்கொள்வது. இரண்டு வாரம் வரை போகட்டும்.

தண்ணீராக, சாக்கடை நிறத்தில், அழுகிய வாடையோடு வந்தால் கருப்பைக் காய்ச்சல். மாடு தலையைத் தொங்கப் போடும், அசை போடுவது குறையும், பால் இறங்கும், உடல் சூடு 103 டிகிரிக்கு மேல் போகும். இது அன்றைக்கே பார்க்க வேண்டியது, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளினால் ரத்தத்தில் கலந்து மாடே போய்விடும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தொழுவத்தில் வையுங்கள். போனில் "மாடு சுணக்கமா இருக்கு" என்பதைவிட "104 காட்டுது" என்றால் வேலை வேகமாக நடக்கும்.

மூன்று வாரம் தாண்டியும் சீழ் வந்தால், மாடு நன்றாகத் தின்று பால் கறந்தாலும், அது நாள்பட்ட அழற்சி. "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிற மாடுகள் இவைதான். அடுத்த வருடம் சந்தையில் நிற்பதும் இவைதான்.

மருத்துவர் என்ன ஊசி போடுகிறார்? அதையே மருந்துக் கடையில் வாங்கி நாமே போடலாமா?

நாள்பட்ட சீழுக்கு மருத்துவர்கள் அதிகம் போடுவது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. அது கிருமியை நேராகக் கொல்லாது. சூலகத்தில் மஞ்சள் உடலம் என்று ஒரு கட்டி இருக்கிறது, சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரப்பது அது. அந்த ஹார்மோன் இருக்கும் வரை கருப்பை வாய் மூடியிருக்கும், நோய் எதிர்ப்பும் மந்தமாக இருக்கும். ஊசி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும், மூன்று நான்கு நாளில் மாடு பருவத்துக்கு வரும், வாய் திறக்கும், சீழ் வெளியே போகும். ஒரு சுத்தமான பருவம் வந்து போனாலே பாதி மருத்துவம் ஆன மாதிரி.

இப்போது நீங்களே யோசியுங்கள். இதே ஊசியைச் சினை மாட்டுக்குப் போட்டால்? சினை கலைந்துவிடும். மூன்று மாதச் சினை இருப்பது தெரியாமல் "பருவத்துக்கு வரல" என்று ஊசி போட்டுக் கலைத்த வீடுகள் எனக்குத் தெரியும். முதலில் சினைப் பரிசோதனை, அப்புறம்தான் ஊசி. இந்த ஒரு காரணத்துக்காகவே நாமாக வாங்கிப் போடக் கூடாது.

ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்து கேட்காது. இரண்டு தடவை மருத்துவம் பார்த்தும் சீழ் நிற்கவில்லை என்றால், ஒழுக்கை எடுத்து எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மாதிரியை எங்கே கொடுப்பது என்று அங்கே விசாரிக்கலாம்.

மருந்து போட்ட நாட்களிலும், மருத்துவர் சொல்லும் அளவுக்கு அதற்குப் பிறகும், அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றாதீர்கள். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைக் குடிப்பது யாரோ ஒருவருடைய பிள்ளை.

8 மாதச் சினையில் கன்றை வீசிவிட்டது. கண்பட்டுவிட்டது என்கிறார்கள்.

கண்படவில்லை. சினையின் கடைசிப் பகுதியில் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ். எருமைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். ஆறாம் மாதத்துக்கு மேல் வீசுவது, கொடி விழாமல் தங்குவது, இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் பலம். இந்தக் கிருமியை 1897-ல் டென்மார்க்கைச் சேர்ந்த பேங் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1887-ல், மால்டா தீவில் காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் உடலில் இதே இனக் கிருமியை டேவிட் புரூஸ் கண்டிருந்தார்.

இந்த நோயின் சூழ்ச்சி என்னவென்றால், பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கன்றை வீசும். அடுத்த ஈத்தில் நல்லபடியாக ஈன்றுவிடும். நாமும் நோய் போய்விட்டது என்று நினைப்போம். போகாது. பாலிலும், ஈனும்போது வரும் நீரிலும், கொடியிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். வீசிய கன்றை நக்கிய மாட்டுக்கு, அந்த நீர் பட்ட வைக்கோலைத் தின்ற மாட்டுக்கு, எல்லாம் தொற்றும். அதற்குப் பிறந்த கிடேரிக் கன்றும் கிருமியைச் சுமக்கலாம்.

வீசிய கன்றையும் கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை இல்லை என்றால் பிளாஸ்டிக் பையையாவது முழங்கை வரை மாட்டிக்கொள்ளுங்கள். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கண்மாயில் எறிவதும் நாய்க்குப் போடுவதும் ஊருக்கே நோயைப் பரப்புவது. எங்கள் பக்கம் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உண்டு. ஆலமரத்துப் பால் போல மாட்டுக்குப் பால் பெருகும் என்ற நம்பிக்கை. நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. கன்று வீசிய மாட்டின் கொடியை மட்டும் அங்கே கட்டாதீர்கள், காக்கை கொத்திக் கீழே போடும், நாய் இழுத்துப் போகும். மாடு நின்ற இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நேர் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். அதனால் அந்த மூலைக் கூரையைப் பிரித்து வெயில் படும்படி விடுவது நல்லது.

எப்படி உறுதி செய்வது?

ரத்தம் எடுத்து ரோஸ் பெங்கால் என்ற சாயக் கிருமிக் கலவையோடு ஒரு சொட்டு சேர்ப்பார்கள். துகள் துகளாகத் திரிந்தால் நோய் இருக்கிறது. சந்தேகமானதை எலைசா முறையில் உறுதி செய்வார்கள். சொசைட்டி அளவில் மொத்தப் பாலில் வளையச் சோதனை செய்யலாம், பாலாடையில் நீல வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டத்தில் எங்கோ நோய் இருக்கிறது என்று பொருள். சீம்பாலோ மடிநோய்ப் பாலோ கலந்தால் இந்தச் சோதனை தப்பாகக் காட்டும். கன்று வீசிய உடனே எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசி இருக்கிறதா?

இருக்கிறது. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசியோடு இதையும் இலவசமாகச் சேர்த்திருக்கிறார்கள். கிடாக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. உயிருள்ள கிருமி என்பதால் ஊசி போடுபவர் விரலில் குத்திக்கொண்டால் அவருக்கே நோய் வரும், அதனால் கன்றை அசையாமல் பிடித்துக் கொடுங்கள். கன்று பிறந்த தேதியை எழுதி வைக்காததால் இந்த நான்கு மாத இடைவெளியைத் தவற விட்டவர்கள் நிறையப் பேர்.

நோய் உறுதியாகிவிட்டது. விற்றுவிடலாமா?

இந்தக் கேள்வியை என்னிடம் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: இன்னொரு வீட்டுக்கு விற்காதீர்கள். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார். வாங்குபவர் கடன் வாங்கி வந்திருப்பார். அவர் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள்.

மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டு இதை முழுதாகக் குணமாக்க முடியாது, கிருமி செல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தனியாகக் கட்டுங்கள், தனி வாளி, தனித் தொட்டி, கடைசியில் கறந்துகொள்ளுங்கள். ஈனும்போது மற்ற மாடுகளிடமிருந்து தூரமாக நிறுத்துங்கள். அடுத்து என்ன செய்வது என்பதைக் கால்நடைத் துறை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பணத்துக்கு இது பெரிய அடி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதில் எது சேரும் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

மனிதர்களுக்குத் தொற்றுமா? பால் குடிக்கலாமா?

தொற்றும். பொங்கக் காய்ச்சிய பாலில் பயமில்லை, அந்தச் சூட்டில் கிருமி செத்துவிடும். கறந்த சூட்டோடு பச்சைப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. பச்சைப் பாலில் உறை ஊற்றிய தயிரும் அப்படியே.

பாலைவிட அதிகம் தொற்றுவது பேறு பார்ப்பவருக்கு. கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும். வாரக்கணக்கில் சாயங்காலமானால் காய்ச்சல், சட்டை நனைய வியர்வை, இடுப்பு வலி, மூட்டு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம், இப்படி வரும். டைபாய்டு என்று மருத்துவம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "எங்கள் வீட்டில் எருமை இருக்கிறது, போன மாதம் கன்று வீசியது" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் எழுதும் ரத்தப் பரிசோதனையே மாறிவிடும். மனிதருக்கு இது குணமாகும், ஆனால் குறைந்தது ஆறு வாரம் மாத்திரை எடுக்க வேண்டும், நடுவில் விட்டால் திரும்பி வரும். பிள்ளைத்தாய்ச்சிகளை ஈனும் மாட்டுப் பக்கமே விடாதீர்கள்.

மழைக்காலத்தில்தான் கன்று வீச்சு அதிகமாகத் தெரிகிறது. ஏன்?

லெப்டோஸ்பைரா ஒரு காரணம். மனிதர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலின் அதே கிருமி. எலி மூத்திரத்தில் வரும், தேங்கிய தண்ணீரில் பிழைத்திருக்கும். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் பெரியாறு வைகைப் பாசனத்தில் வயல் நிறைந்திருக்கும்போது எலியும் தண்ணீரும் எருமையும் ஒரே இடத்தில் கூடுகின்றன. கன்று வீச்சு, சிவப்பு மூத்திரம், மடி தளர்ந்திருந்தும் பாலில் ரத்தச் சாயல், இதெல்லாம் அடையாளம். புண்ணாக்கு மூட்டையைப் பலகை மேல் ஏற்றி எலி அண்டாமல் வையுங்கள். பூசணம் பிடித்த வைக்கோலையும் கெட்டுப்போன ஊறுகாய்ப் புல்லையும் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்) சினை மாட்டுக்குப் போடாதீர்கள், அதில் லிஸ்டீரியா என்ற கிருமி இருந்தால் அதுவும் கன்றைக் கலைக்கும்.

ஈன்ற எருமையை எப்போது கண்மாயில் விடலாம்?

எருமைக்குத் தண்ணீர் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஈன்று மூன்று வாரம் வரை கருப்பை வாய் முழுதாக மூடியிருக்காது. அந்த நிலையில் ஊர் மாடெல்லாம் புரளும் சேற்றுக் குட்டையில் படுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவரை காலையிலும் மதியத்திலும் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், நிழலில் ஈரச் சாக்குப் போடுங்கள்.

ஊர்க்கிடாவோடு சேர்ப்பது நல்லதா?

ஊமைப் பருவத்தைக் கண்டுபிடிப்பதில் கிடாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி கிடாவின் உறுப்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தங்கும். சேரும் ஒவ்வொரு எருமைக்கும் கொடுக்கும், கரு சின்னதிலேயே அழியும். ஒரே கிடாவுக்கு விட்ட நாலைந்து எருமைகள் சேர்ந்தாற்போல் சினை பிடிக்காமல் திரும்பினால் கிடாவைச் சோதியுங்கள். சோதித்த கிடாவின் உறைவிந்து இந்தப் பிரச்சினை இல்லாதது. ஊசி போடுபவர் மாட்டுக்கு மாடு புது உறை மாட்டுகிறாரா, முதலில் பிறப்புறுப்பைத் துடைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்டால் கோபிப்பார் என்று தயங்காதீர்கள்.

மடிநோய்க்கும் சினைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. மடியில் அழற்சி கடுமையாக இருந்தால் உடம்பு முழுக்க அதன் பாதிப்பு ஓடும், பருவம் தள்ளும், பிடித்த கருவும் நிற்காமல் போகலாம். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள், அரைமணி நேரம் மாட்டைப் படுக்க விடாதீர்கள்.

தீவனத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

வெறும் வைக்கோலில் நிற்கும் சினை எருமைக்குக் கொடியும் விழாது, கிருமியை எதிர்க்கத் தெம்பும் இருக்காது. கடைசி இரண்டு மாதம் பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் கட்டாயம். இங்கே நான் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பால் வற்றிய மாட்டுக்கு யார் செலவு செய்வது என்ற நினைப்பில்தான் விட்டுவிடுகிறோம்.

ஈன்ற எருமைக்கு நீங்கள் என்னென்ன எழுதி வைக்கிறீர்கள்?

தொழுவத்துக் கதவில் ஒரு காலண்டர் தாள் தொங்கும். ஈன்ற நேரம், கொடி விழுந்த நேரம், முதல் பத்து நாள் காலைச் சூடு, 21-ம் நாள் ஒழுக்கின் நிறம், 45-ம் நாள் மருத்துவரிடம் காட்டியது. இவ்வளவுதான். 60-ம் நாளுக்கு மேல் வரும் தெளிந்த பருவத்தில் ஊசி. போன மார்கழியில் ஈன்ற எருமைக்கு 21-ம் நாள் கட்டத்தில் "வெள்ளைத் துணுக்கு" என்று என் மகள் எழுதி வைத்திருந்தாள். நான் அன்று வயலுக்குப் போய்விட்டேன், அவள்தான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். மருத்துவம் பார்த்து இரண்டு பருவம் விட்டோம். இப்போது அது 5 மாதச் சினை.